குரல் கேட்டது என்று சொன்னேன்

பாப்பாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் எனக்கு நடக்கும் பாராட்டு விழாவில் வாசிப்பதற்காக நீ எழுதி வாட்ஸப்பில் அனுப்பிய வாழ்த்துமடல் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. உன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். நான் நின்றுகொண்டே கேட்டேன். "ஒக்காருங்களேன், இன்னாத்துக்கு இப்டி நடந்துக்கினே இருக்கீங்க" என்றாள். உட்கார முடியவில்லை. நீ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆர்மோனியப் பெட்டியில் ஆரம்பித்து கீபோர்டு வரைக்கும் நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சபையில் வாசித்தது, கல்வராயன் மலையில் மின்வாரிய லைன்மேனாக இருந்து ஃபோர்மேனாக ரிட்டையர் ஆனது, அதற்குப் பிறகும் சும்மா இல்லாமல் மலைக்காரர்களுக்குப் பென்ஷன் மனு எழுதிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்குமாக அலைவது, எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறாய். 'இசை, விசுவாசம், மக்கள் தொண்டு' என்று தலைப்பு வேறு. எலெக்‌ஷனுக்கு நிற்கிற ஆளுக்கு அடிக்கிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறதே என்று உன்னைக் கேலி செய்யலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் பக்கம் வந்ததும் கேலி போய்விட்டது.

அந்தப் பக்கத்தின் நடுவில் எழுதியிருக்கிறாய்: இத்தனை வருஷப் பணியில் அப்பாவின் பொறுப்பில் ஒரே ஒரு விபத்துதான் நடந்தது, அதுவும் கூட வேலை பார்த்தவரின் கவனக்குறைவால் நடந்தது, அந்த விபத்தைத்தான் மின்வாரிய இன்ஜினியராக நான் என் செக்‌ஷனில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் ஊழியர்களுக்கு உதாரணமாகச் சொல்கிறேன் என்று. அந்த வரியை அடித்துவிடு. அது பொய். நீ சொன்ன பொய் இல்லை, நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த பொய். போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை உன் நம்பரை எடுத்தேன். நீ "இன்னாப்பா?" என்று கேட்டால் நான் அழுதுவிடுவேன், இல்லையென்றால் சம்பந்தமில்லாமல் உன்மேல் எரிந்து விழுவேன். இரண்டும் எனக்குப் பழக்கம்தான். அதனால் எழுதுகிறேன். இன்றைக்குத் திங்கள். கூரியரில் போட்டால் புதன்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவுக்கு நீ இங்கே வந்து இறங்குவதற்கு முன்னால் உனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

வெள்ளையன் மாமாவை உனக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வருவார். தோளில் தொங்கும் பையில் சாமை அரிசியும் ஒரு பாட்டில் தேனும் இருக்கும். வலது சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பார். நீ முதல் வகுப்பு படிக்கும்போது அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊக்கைத் தொட்டு, "மாமா, ஒங்க கை எங்க?" என்று கேட்டாய். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மாமா யாருக்கும் சொல்லாம மறுபடியும் கம்பத்துல ஏறிக் கம்பியத் தொட்டுட்டாரும்மா. அதான் பெரியவங்க சொல்றதக் கேக்கணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்துச் சிரித்து, "ஆமாம் பாப்பா, மாமா ஒரு மடையன்" என்றார். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்கு வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

நீ பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது நடந்தது அது. எனக்கு அப்போது மலை மேல் வேலை. வெள்ளையன் காண்ட்ராக்ட் ஆள். என்னைவிட எட்டு வயது சின்னவன், கம்பத்தில் ஏறினால் எனக்கு இரண்டு மடங்கு வேகம். அவனை நிரந்தரம் ஆக்குவதற்கான லிஸ்டில் பேர் இருந்தது, ஆர்டர் வருவதுதான் பாக்கி. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முழுக்க நான் ஒரு பாட்டுக்கு ராகம் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய வெள்ளி அன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிப்போமே, அதில் ஐந்தாவது வார்த்தைக்கு, 'தாகமாயிருக்கிறேன்' என்பதற்கு, நானே எழுதி நானே மெட்டுப் போட்ட பாட்டு. வெளியூரிலிருந்து பெரிய ஆயர் வருகிறார் என்று பேச்சு. பாடகர் குழுவை வாரக்கணக்கில் வதைத்திருந்தேன். பெரிய வெள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். அன்று காலையில் ஆள் வந்து நிற்கிறான்: காற்றில் மரக்கிளை முறிந்து லைன் மேல் விழுந்து, மேலே நாலு ஊருக்குக் கரண்ட் இல்லை. போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "பதினோரு மணிக்குள்ள முடிச்சிட்டு வந்துடுவேன்" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வீம்பு. என்னால் இரண்டையும் செய்ய முடியும் என்று காட்டவேண்டும் எனக்கு.

எல்.சி. என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தினமும் கையெழுத்துப் போடுகிறவள் நீ. ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. லைனில் வேலை செய்யப் போகிறவன் சப்-ஸ்டேஷனுக்குச் சொல்லி கரண்டை நிறுத்தச் சொல்லி வாங்குகிற அனுமதி அது. வேலை முடிந்து, ஆள் எல்லோரும் கீழே இறங்கி, தப்பித்தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடுவதற்காக லைனில் மாட்டியிருக்கிற எர்த் கம்பியை எடுத்த பிறகு, யார் வாங்கினானோ அவன்தான் அதைத் திருப்பித் தரவேண்டும். அவன் திருப்பித் தந்தால்தான் கரண்ட் விடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற சட்டம். மலையில் எங்களுக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. செல்போன் கிடையாது. வளைவுக்கு அந்தப் பக்கம் கம்பத்தில் இருப்பவன் இந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தெரியமாட்டான். அதனால் கீழே இறங்கியவன் மூன்று தடவை நீளமாகக் குரல் கொடுப்பான். இந்தப் பக்கத்தில் இருப்பவன் பதில் குரல் கொடுப்பான். அதற்குப் பிறகுதான் எர்த்தை எடுப்போம், வெள்ளிமலைக்குப் போய் போனில் எல்.சி.யைத் திருப்புவோம். இரண்டு பக்கமும் எர்த் போட்டிருக்க வேண்டாமா என்று நீ கேட்பாய். போட்டிருக்க வேண்டும். எங்களிடம் ஒரு செட்தான் இருந்தது, அது என் பக்கம் இருந்தது.

பத்தரைக்கு என் பக்கத்து வேலை முடிந்தது. நான் கத்திக் கேட்டேன். "இன்னும் ஒரு கட்டு தாண்ணா" என்று வளைவுக்கு அப்பாலிருந்து அவன் பதில் வந்தது. அவனிடமிருந்து நான் கேட்ட கடைசிக் குரல் அதுதான். நான் காத்திருந்தேன் பாப்பா, காத்திருக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு பாட்டின் பல்லவியை மனசுக்குள் இரண்டு தடவை பாடிப் பார்க்கிற நேரம். என் பாட்டைத்தான் பாடிப் பார்த்தேன். அவ்வளவுதான். நான் வண்டிக்குப் போய், வெள்ளிமலைக்குப் போய், போன் கிடைத்து, அவர்கள் கரண்ட் விடுவதற்குள் வெள்ளையன் இறங்காமலா இருக்கப்போகிறான் என்று கணக்குப் போட்டேன். எர்த்தை எடுத்தேன். கிளம்பினேன். போனில் சப்-ஸ்டேஷன்காரர் முறைப்படிக் கேட்டார், "ஆளெல்லாம் எறங்கியாச்சா?" "எறங்கியாச்சு." அவரும் மலையில் வேலை பார்த்தவர், எங்கள் வழக்கம் தெரிந்தவர். "கொரல் கேட்டியா?" என்றார். "கேட்டேன்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நான் கேட்டேன் என்றால் கேட்டதுதான். கூட்டத்தில் ஒருத்தர் கால் சுருதி இறங்கிப் பாடினாலும் யார் என்று காட்டிவிடுகிற காது என்று ஊரெல்லாம் பேர்.

வெள்ளையன் ஏன் இறங்கவில்லை என்று பிற்பாடு அந்தக் கம்பத்தைப் போய்ப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. கடைசிக் கட்டைக் கட்டும்போது பக்கத்து இன்சுலேட்டர் ஆடுவதைப் பார்த்திருக்கிறான். அவனுக்குச் சொன்ன வேலை இல்லை அது. அப்படியே விட்டால் அடுத்த காற்றுக்கு மறுபடி லைன் போகுமே என்று அதையும் இறுக்கிக்கொண்டிருந்தான். வகுப்பில் நீ கவனக்குறைவு என்று சொல்கிறாயே, அவன் கவனமாக வேலை செய்ததால்தான் அந்த நேரத்தில் மேலே இருந்தான்.

நான் மலையிறங்கி வந்து சேர்ந்தபோது சபையில் மூன்றாம் வார்த்தை நடந்துகொண்டிருந்தது. கை கழுவ நேரமில்லை. கிரீஸ் கையோடு ஆர்மோனியப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். ஐந்தாம் வார்த்தைக்கு என் பாட்டு. பாப்பா, இதை உனக்கு மறைக்கக்கூடாது: என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாக அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. பெரிய ஆயர் கண்ணைத் துடைத்தார். எனக்கு உள்ளூர எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதே நேரத்தில் வெள்ளையனை ஒரு கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு வெளியே வந்தேன். எல்லோரும் என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். வேப்பமரத்தடியில் ஆபீஸ் பியூன் நின்றுகொண்டிருந்தான். ஆராதனை நடக்கும்போது உள்ளே வந்து கூப்பிடுவது மரியாதையில்லை என்று அரைமணி நேரமாக வெளியிலேயே நின்றிருக்கிறான். "வெள்ளையனுக்குக் கரண்ட் அடிச்சிடிச்சிங்க" என்றான்.

இதோடு முடிந்திருந்தால் நான் தப்புச் செய்தவன், அவ்வளவுதான். உன் முகத்தைப் பார்க்க முடியாதபடி செய்தது அடுத்து வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையை எடுத்துவிட்டிருந்தார்கள். உன் அம்மாவும் கைக்குழந்தையாக உன்னைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மறுநாள் விசாரணைக்கு அதிகாரி வருகிறார். எனக்கு வேலை போய்விடும், கேஸும் வரும். அவனிடம் நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஜெபம் பண்ணட்டுமா?" என்றேன். சரி என்று தலையாட்டினான். அவன் மலை சாமியைக் கும்பிடுகிறவன், ஆனால் யார் சாமியிடம் வேண்டினாலும் வேண்டாம் என்று சொல்லாதவன். நான் அவன் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, சத்தமாக ஜெபித்தேன். 'ஆண்டவரே, வெள்ளையன் கீழே இறங்கிக் குரல் கொடுத்ததையும், அதைக் கேட்டுத்தான் உமது அடியான் கிளம்பினதையும் நீர் அறிவீர். மறந்துபோன வேலைக்காக மறுபடியும் ஏறிவிட்ட இந்தச் சகோதரனை மன்னியும்.' இப்படி. நான் சபையில் ஜெபிக்கிற அதே குரலில். மறுநாள் விசாரணையில் அவன் அதைத்தான் சொன்னான். நான் ஜெபத்தில் சொன்னதை அவன் வாக்குமூலத்தில் சொன்னான், ஏறக்குறைய அதே வார்த்தையில். சொந்தக் கவனக்குறைவு என்று எழுதி மூடினார்கள். அந்த எழுத்தால் அவன் பேர் நிரந்தர லிஸ்டிலிருந்து போயிற்று. எனக்கு அடுத்த வருஷம் பிரமோஷன் வந்தது.

அதிலிருந்து நான் சபையில் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. யாராவது கூப்பிட்டால், "பாட்டுக்காரனுக்குப் பாட்டுதாங்க ஜெபம்" என்று சொல்லித் தப்பிப்பேன். அதையும் ஒரு பெருமையாக நீ மடலில் எழுதியிருக்கிறாய். பெரிய வெள்ளி வந்தால் வீட்டில் எல்லோரும் என்னைக் கண்டு நடுங்குவீர்கள். அப்பாவுக்கு அன்றைக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டீர்கள். எட்டாம் வகுப்பில் ஒரு பெரிய வெள்ளி காலையில் நீ தாளம் தப்பி வாசித்தாய் என்று ஸ்கேலால் உன் விரலில் அடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு நீ கீபோர்டைத் தொடவில்லை. உன் தாளத்தில் ஒரு குறையும் இல்லை பாப்பா. அன்றைக்கு எனக்கு யாரையாவது அடிக்கவேண்டியிருந்தது. என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது என்று நீ சிரிப்பாயே, கேன்டீன் டோக்கன் வாங்கினால்கூட அதைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார் என்று, அதற்கும் இதுதான் காரணமோ என்னவோ. ரிட்டையர் ஆன பிறகு அலைந்ததையெல்லாம் நீ தொண்டு என்று எழுதியிருக்கிறாய். பாதி தொண்டு, பாதி ஓட்டம். உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய்: மலையில் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்தேன், கால் விளங்காதவர்களுக்கு, கண் தெரியாதவர்களுக்கு. வெள்ளையனுக்கு மட்டும் எழுதியதில்லை. ஊனம் எப்படி ஏற்பட்டது என்று அந்த மனுவில் ஒரு கேள்வி இருக்கிறது.

உன் மடல் வந்த மறுநாள் சனிக்கிழமை காலையில் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை விழாவில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்று அவனிடம் சொல்வதற்காக. என்னமோ பெரிய தியாகம் செய்யப்போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் புளி ஓடு உடைத்துக்கொண்டிருந்தான். முழுக்கக் கேட்டான். கை நிற்கவில்லை. மலையில் அவன் வயசு ஆட்கள் பெரியவர் சிறியவர் எல்லோரையும் 'நீ' என்றுதான் பேசுவார்கள், உனக்குத் தெரியும்.

"இப்ப இன்னாத்துக்குண்ணா? ஒனக்கு மனசு லேசாவணுமா?" என்றான்.

நான் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

"நீ ஒன் சாமிகிட்டயே அப்பிடி சொல்லிட்ட. சாமிகிட்ட ஒருத்தன் பொய் சொல்லுவானா? நான்தான் கொரல் குடுத்துட்டு மறந்துட்டனோன்னு நெனச்சினு இருந்தேன். கை போன வலியில புத்தியும் போயிடிச்சின்னு. ஒரு மாசம் கழிச்சுதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? எல்லாருக்கும் ஒன் காது மேல நம்பிக்க." புளியை ஒரு பக்கம் தள்ளினான். "நான் ஒன்ன உட்டுட்டேன்ணா. கிறிஸ்மசுக்கு ஒன் வூட்டுக்கு வந்துகினுதான இருந்தேன்? ஆனா எம் புள்ள இருக்கறானே, செல்வம். அவனுக்கு நான் வேல தெரியாத ஆளு. அதச் சொல்லி என்னைத் திட்டினவன் அவன். நீ சர்ச்சுல சொல்லு, சொல்லாத போ. அவனுக்குச் சொல்லு. உரம் ஏத்தினு வர ஜீப்பு எடுத்துகினு கீழ போறான் இப்ப, கூடப் போ."

அந்தப் பையனை நீ பார்த்திருக்கிறாய், வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிறான், என்னைப் பெரிப்பா என்று கூப்பிடுவான். முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜீப்பில் வேறு ஆள் இல்லை. ஐந்தாறு வளைவு வரைக்கும் மக்காச்சோளம் பற்றியும் ரோடு பற்றியும் பேசினேன். நல்ல பேச்சுக்காரன் உன் அப்பன். கடைசியில் அவனே கேட்டான், "இன்னா பெரிப்பா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஒடம்பு சரியில்லியா?" சொன்னேன். எல்.சி.யையும், பாட்டையும், ஜெபத்தையும். அவன் வண்டியை நிறுத்தவில்லை. இரண்டு வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பத்தாவது படிக்கசொல்ல, பசங்க ஒத்தக்கையன் மவன்னு சொல்லுவானுங்க. நான் வூட்டுக்குப் போயி எங்கப்பனத்தான் கேட்டேன். வேல தெரியாத நாயி எதுக்கு ஏறுனன்னு கேட்டேன். நாயின்னு சொன்னேன். அவுரு ஒண்ணுமே சொல்லல." என் பக்கம் திரும்பாமலே, "எறங்குங்க" என்றான். இறங்கினேன். ஜீப்பைத் திருப்பிக்கொண்டு மேலே போய்விட்டான். உரம் ஏற்றப் போகவில்லை. அப்பனும் மகனும் என்ன பேசினார்களோ எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. பஸ் வருகிற வரைக்கும் கீழே நடந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து முதல் தடவையாக. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியுங்க. ஆஸ்பத்திரில நீங்க ஜெபம் பண்ணசொல்ல நான் கண்ண மூடல. அந்தாளு மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்" என்றாள். பிறகு உலையை ஏற்றினாள். பாப்பா, நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும். நீ கண்டும் காணாததுபோல் உன் அம்மா மாதிரி இருந்துவிடாதே. கேட்டுவிடு. அவள் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று அவள்மேல் பழியைப் போடவில்லை. சொல்லியிருக்கமாட்டேன். ஆனாலும் கேட்டுவிடு. அதேபோல, உன் கீழே வேலை பார்க்கிற ஒருத்தன் அவசரமாகப் போகவேண்டும் என்று எல்.சி.யைத் திருப்ப வந்தால், எங்கே போகிறாய் என்று கேள். கோயிலுக்கு என்றாலும் சர்ச்சுக்கு என்றாலும் நிறுத்தி வை. சாமி காரியத்துக்குப் போகிறவனை யாரும் சந்தேகப்படமாட்டார்கள், அவனே அவனைச் சந்தேகப்படமாட்டான்.

நேற்று ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் போய், விழா வேண்டாம், இப்படி ஒரு காரியம் இருக்கிறது என்றேன். சின்ன வயசுக்காரர், நல்லவர். "ஐயா, அதெல்லாம் ஆண்டவர் எப்பவோ மன்னிச்சிட்டாருங்க. ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுத்தாச்சு, சாப்பாட்டுக்கும் சொல்லியாச்சு" என்றார். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. மன்னிப்புக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே மூச்சில் முடிவு கட்டிவிட்டாரே என்று. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் தோன்றியது, இத்தனை வருஷமும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதையேதான் என்று. விழாவை நிறுத்திவிட்டு, உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். செல்வத்துக்குச் சொல்லியாயிற்று, வெள்ளையன் கேட்டது அவ்வளவுதானே என்று ஒரு சமாதானமும் கிடைத்தது. எனக்குச் சமாதானம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

இன்றைக்குக் காலையில் செல்வம் போன் செய்தான். பெரிப்பா என்று கூப்பிடவில்லை. "சார்" என்றான். "ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஒங்களுக்கு விழாவாமே? எங்கப்பாவக் கூட்டினு வரேன். வரமாட்டேன்னு அடம் புடிக்கறாரு, நான் கூட்டினு வரேன். எனக்குத் தனியா சொன்னது பத்தாது சார். அன்னிக்கு எல்லாருக்கும்தான அவுரு தப்புன்னு சொன்னீங்க? எல்லாருக்கும் சொல்லுங்க. அவுரு ஒக்காந்து கேக்கணும், நான் பக்கத்துல இருந்து பாக்கணும்." சரிப்பா என்றேன். உடனே ஆயரிடம் போய், பாட்டு எதுவும் இல்லை, எனக்குப் பேசப் பத்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டேன். வெள்ளையனுக்கான மனுவையும் எழுதிவிட்டேன். ஊனம் எப்படி ஏற்பட்டது என்ற அந்தக் கேள்விக்கு நடந்தது நடந்தபடி பதில் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு, நான் கொடுக்கும் வாக்குமூலத்தையும் கூடவே இணைத்திருக்கிறேன். நகல் இதோடு வைத்திருக்கிறேன். முறைப்படி இருக்கிறதா என்று நீ பார்த்துச் சொல்லவேண்டும். என் பென்ஷனில் கை வைப்பார்களா, உன் ஆபீசில் உன்னைப்பற்றி ஏதாவது பேசுவார்களா என்றெல்லாம் பயம் வருகிறது. உன் காது கேட்க அப்பன் பேரைக் கெடுத்துக்கொள்ளப் போகிறேனே என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். காலையிலிருந்து மூன்று தடவை இந்தக் கடிதத்தை மடித்துப் பிரித்துவிட்டேன்.

மடலை நீ வாசிக்க வேண்டாம். அழித்தும் விடாதே, நீ கஷ்டப்பட்டு எழுதினது. ஞாயிற்றுக்கிழமை நீ வா. என்மேல் கோபமாக வந்தாலும் வா. விழா நாயகனின் குடும்பம் என்று மேடைக்குப் பக்கத்தில் உனக்கும் அம்மாவுக்கும் நாற்காலி போட்டிருப்பார்கள், அங்கே உட்காராதே. வெள்ளையனுக்கும் செல்வத்துக்கும் எங்கள் சபை புதுசு, எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்றுகூடத் தெரியாது. நான் பேச ஆரம்பித்ததும் எல்லோரும் திரும்பி அவர்களைத்தான் பார்ப்பார்கள். வெள்ளையனும் அவன் மகனும் அந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. நீ போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

அப்பா